கழற்றிப் போடுகிறவர்

ஒரு பொருளைப் பார்த்ததும் "என்ன விலை?" என்று கேட்பவர்கள் உண்டு. "எங்கே வாங்கினாய்?" என்று கேட்பவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. "இது எதுக்கு?" என்று கேட்கும் ஒருவர் இருக்கிறார் பாருங்கள், அவர் தலை தெரிந்தால் பொருளைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்காக அவர் காத்திருப்பதில்லை. வாய் கேட்டு முடிப்பதற்குள் கை திருகத் தொடங்கிவிடும்.

பேர் சேனாதிபதி. பொன்னுவேல் அவரை முதன்முதலில் சந்தித்தபோது இருவரும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். கவுஞ்சியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியின் பின்பலகையைப் பார்த்து, "அதான் கொக்கி இருக்குல்ல, அப்புறம் சங்கிலி எதுக்கு?" என்று சேனாதிபதி கேட்க, டிரைவருக்கும் அது நியாயமாகப் பட, சங்கிலி கழன்றது. அடுத்த பள்ளத்தில் லாரி குலுங்கியதும் மார்க்கெட் முழுக்கக் கோஸ் உருண்டது. பொறுக்கியவர்களில் பொன்னுவேல் ஒருவன். பக்கத்தில் ஒரு கோஸைக் கையில் ஏந்தியபடி சேனாதிபதி சொன்னார்: "பலகையில கோளாறு தம்பி. சங்கிலி இருந்த வரைக்கும் அது வெளிய தெரியாமயே கெடந்துருக்கு."

அடடா, என்ன தெளிவு! பொன்னுவேல் அன்றே அவருக்கு ரசிகனானான்.

அவர் சைக்கிளுக்கு மணி கிடையாது, வாய் இருக்கிறதே! மட்கார்டு கிடையாது, மழை என்ன தினமுமா பெய்கிறது? சொந்த மகள் கல்யாணத்தில் நாதசுரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒத்துக்காரரைப் பார்த்து, "ஒரே சுரத்தை ஊத ஒரு ஆளா?" என்று வெற்றிலை பாக்கு கொடுத்து முகூர்த்தத்துக்கு முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார். தாலி எந்தச் சுருதியில் ஏறியது என்பதில் சம்பந்தி வீட்டாருக்கு இன்றுவரை சந்தேகம் தீரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பொன்னுவேல் தன்னிடமிருந்த இரண்டு ஜோடி உழவு மாடுகளையும் விற்று, கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்காரர் போட்டுவிட்டுப் போன பழைய டிராக்டரை வாங்கி, மலையடிவாரத்து ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். ஊரே ஆவலோடு காத்திருந்தது. அது உழுவதைப் பார்க்க அல்ல, நிற்பதைப் பார்க்க. "மாடு நின்னா வாலை முறுக்கலாம். இது நின்னா எதை முறுக்குவே மாப்ளே?" என்று பக்கத்துக் காட்டு ஆண்டிச்சாமி தினமும் விசாரித்துவிட்டுப் போனார். ஆடி மழை பெய்தது. கடலை விதைக்க ஊர்க்காரர் மயில்சாமியின் காட்டை மறுநாள் உழவேண்டும். ஈரம் காய்வதற்குள் உழுது காட்டிவிட்டால் ஊர் முழுக்கக் கூப்பிடும். எஞ்சின் பழுதாகிவிட்டாலோ டிராக்டரும் இல்லை, மாடும் இல்லை.

அதனால் முதல்நாள் வெள்ளனே எழுந்து ஆயில் பில்டரை மாற்ற உட்கார்ந்தான். எஞ்சினின் விலாவில், இரண்டு செம்புக் குழாய்களோடு ஒட்டியிருக்கும் டப்பா அது. பைபாஸ் பில்டர் என்பார்கள். பம்பு தள்ளும் எண்ணெயில் கொஞ்சம் மட்டும் ஒரு குழாய் வழியே அதற்குள் நுழைந்து, அழுக்கை விட்டுவிட்டு, மறு குழாய் வழியே மெல்லக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். மற்றதெல்லாம் நேரே எஞ்சினுக்குப் போகும். உள்ளே போடவேண்டிய புது உருளையைப் பழனியில் பஷீர் அகமது கடையில் வாங்கி வைத்திருந்தான். ஆனால் டப்பாவின் மூடித் திருகு அசையவில்லை. உச்சி வெயில் வரை மல்லாடினான். முழங்கை வரை கறுப்பு.

இந்த இனத்தாரின் வெற்றி ரகசியம் இதுதான் வாசகர்களே: நாம் களைத்துப்போன நேரம் பார்த்து வருவார்கள்.

"இது எதுக்கு?"

"எண்ணெயச் சுத்தம் பண்ண, அண்ணே."

"எண்ணெய் பூராவும் இதுக்குள்ளயா போகுது?"

"கொஞ்சந்தாண்ணே. மிச்சம் நேரா எஞ்சினுக்குப் போயிரும்."

"அழுக்கோடவா?"

"ஆமாண்ணே."

"எஞ்சின் ஏதாச்சும் சொல்லுச்சா?"

"இல்லண்ணே."

"ஏலே, அப்ப இந்த டப்பா யாரைச் சுத்தம் பண்ணுது? தன்னைத்தானே குளிப்பாட்டிக்கிட்டு எஞ்சின் மேல ஒக்காந்து சவாரி வருதுடா!"

நான்கு நட்டுகளில் டப்பா கழன்றது. அனாதையாக நின்ற இரண்டு குழாய்களையும் நேருக்கு நேர் சேர்த்து இறுக்கினார். "இப்ப ஸ்டார்ட் பண்ணு. குதிரை மாதிரி இருக்கும்."

எஞ்சின் பாடியது. சேனாதிபதி தாடையைத் தடவிக்கொண்டார். ஆனால் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. எப்படி எழும்? மெல்ல விடுவதற்கு நடுவில் டப்பா இல்லை. அகலக் கதவு திறந்துகிடக்க, எண்ணெய் எஞ்சினுக்குள் ஏறிக் கஷ்டப்படுவானேன்? வந்த எண்ணெயெல்லாம் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, முள்ளு படுத்துருச்சு!"

சேனாதிபதி எட்டிப் பார்த்தார். ஒரு கணந்தான் யோசித்தார்.

"இந்த முள்ளு எதுக்கு?"

பொன்னுவேல் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினான். வாழ்நாளில் முதல்முறையாக அவர் கேள்விக்கு அவனிடம் மடக்க முடியாத பதில் இருந்தது. "அண்ணே, அது எம் பொழப்புண்ணே! டப்பா எங்கே?"

டப்பாவைக் காணோம். கொல்லைப் பக்கமிருந்து அவன் மனைவி சண்முகவள்ளி குரல் கொடுத்தாள்: "கோழிக்குத் தண்ணி வச்சிருக்கேங்க. அண்ணன்தான் வேணாத சாமான்னு சொன்னாரு."

"அதைத் தூக்கிட்டு வெரசா வா!"

"இப்பத்தான குடிக்குது. மனுசன் வாய்ச் சோத்தப் பிடுங்குனாலும் கோழி வாயி..."

"வள்ளி!"

வந்தது. கோழிக்காகக் கவிழ்த்து வைத்திருந்த அதன் குழிந்த அடியில் தேங்கிய தண்ணீரைத் துடைத்து, டப்பாவை ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே செருகி, அவள் அழுத்திப் பிடிக்க, அவன் ஸ்பானரில் தொங்கினான். காலையிலிருந்து அசையாத திருகு கிரீச்சென்று சுழன்றது. உள்ளே தார்போலக் கறுத்துக் கிடந்த பழைய உருளை வெளியே வர, புது உருளை உள்ளே போக, டப்பாவும் குழாய்களும் பழைய இடத்துக்குத் திரும்ப, பொழுது சாய்ந்தது. எஞ்சினை எழுப்பினார்கள். முள் எழுந்து நின்றது. மறுநாள் மயில்சாமி காட்டில் ஈரமண் புரண்டு விழ, வரப்பில் நின்ற ஆண்டிச்சாமி கேட்டார்: "மாப்ளே, அடுத்தது யாரு காடு? நம்மளுது சும்மாதான் கெடக்கு."

சேனாதிபதி வெட்கப்பட்டாரா? நன்றாகக் கேட்டீர்கள்! "வண்டியிலேயே வச்சுத் திருகுனியே, கழண்டுச்சா? நான் பிடுங்கிக் குடுத்தப்புறந்தான கழண்டுச்சு!" என்றார். இதில் பொன்னுவேலுக்கு எரிச்சலான விஷயம், அது உண்மை.

சரி, சிரித்தது போதும். வீட்டு ரேடியோவையோ தையல் மிஷினையோ பிரித்து மூட்டிய பிறகு கையில் ஒரு திருகு மிஞ்சி, "கம்பெனிக்காரன் சும்மா ஒண்ணு கூட வச்சிருக்கான்" என்று மேசை இழுப்பறைக்குள் போட்டிருக்கிறீர்களா? வேண்டாம், எனக்குச் சொல்ல வேண்டாம். மேலே பில்டரைப் பற்றி எழுதிய பாராவை, "இது எதுக்கு?" என்று தாண்டி வந்தவர்களும் அப்படியே ஓரமாக நில்லுங்கள்.

பொன்னுவேல் இப்போது ஏழு ஊருக்கு உழுகிறான். சேனாதிபதி, மலைக்குப் போகும் பஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.