அஞ்சு நிமிஷ வேலைக்காரர்

உலகத்தில் பழுது பார்க்கிறவர்கள் உண்டு, பழுது பார்க்கக் கொடுக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறதே, தெரியுமா? எதைக் காட்டினாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "இதுக்குப் போய் ஒர்க்‌ஷாப்பா? அஞ்சு நிமிஷ வேலை!" என்று கிளம்புகிறவர். இவர் கண்ணில் பட்டால் நன்றாக எரிகிற டார்ச் லைட்டைக்கூட ஒளித்து வைத்துவிடுங்கள்.

நம்மவர் காரில் இடது பக்கப் பிரேக் லைட் எரியவில்லை. பின்னால் வருகிறவன் முட்டப்போகிறான் என்று மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்து, புது பல்பையும் அவளே வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டாள். அன்று மாலை மகளின் பள்ளியில் நாடகம். மகள்தான் ராணி. அட்டைக் கிரீடத்தோடு பின் சீட்டில் உட்கார்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் அப்பா உட்கார வேண்டும் என்பது ராணியின் கட்டளை.

பல்பை மாற்றினால் வேலை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அது ஒரு வேலையா?

"பல்பை யார் வேணா மாத்துவான். மூல காரணத்தைக் கண்டுபிடிக்கணும்" என்று இரண்டு பக்கத்து பல்புகளையும் கழற்றி, ஊதி, பனியனில் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து வைத்து மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பாடம் நடத்தி, ஒருவழியாகத் திரும்ப மாட்டினார். மனைவி பிரேக்கை மிதித்தாள்.

"இடது எரியுது! சொன்னேன்ல? அடடே... இப்ப வலது எரியலையே!"

வேறு யாராவது என்றால் முகம் வாடும். இவருக்கோ மலர்ந்தது. "பாத்தியா, கோளாறு இடம் மாறுது! இது வயரிங் பிரச்சினை."

"ரெண்டையும் கழட்டினீங்களே, மாத்தி மாட்டிட்டீங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. மிதி."

மாற்றித்தான் மாட்டியிருந்தார். ஒப்புக்கொள்வாரா? டிக்கி விரிப்பு வெளியே வந்தது, வயர்கள் குடல் சரிந்தாற்போலத் தொங்கின, "மிதி", "விடு", "மிதி" என்று மனைவிக்குக் கால் மரத்துப்போனது.

"எரியுதா?"

"எரியல. இன்னும் அஞ்சே நிமிஷம்."

"இங்க என் வயிறு எரியுது!"

"அப்பா, நேரமாச்சுப்பா..." என்றாள் ராணி. கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. பாவம் குழந்தை! மனைவி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறிப் போய்விட்டாள்.

நம்மவர் தனியாக மிதித்தார். இறங்கிப் பின்னால் ஓடினார். இரண்டுமே எரியவில்லை. மறுபடி மிதித்து, இன்னும் வேகமாக ஓடினார். காலை எடுத்தால் விளக்கு அணையும் என்பது உறைக்கவே நாலைந்து ஓட்டம் ஆயிற்று. கடைசியில் வயர்களை உள்ளே திணித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மேஜையில் இருந்த புது பல்பை எடுத்து மாட்டினார்.

பொழுது சாய்ந்து மகள் திரும்பியபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு, பின்னாடி போய்ப் பாரு. எரியுதா?"

பார்த்தாள். கிரீடமெல்லாம் சிவப்பாயிற்று. "எரியுதுப்பா. ரெண்டும்."

"சொன்னேன்ல! நாடகம் எப்படிடா?"

"நல்லா நடந்துச்சு. முன்னாடி ஒரு நாற்காலி காலியா இருந்துச்சுப்பா. அதைப் பாத்துதான் எல்லா வசனமும் சொன்னேன்."

நம்மவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க மச்சான் அச்சு அசல் இப்படித்தான்!" என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்கள் சமையலறைக் குழாய்க்கு அடியில் அந்த வாளி எத்தனை நாளாக இருக்கிறது? பிளம்பர் எதுக்கு என்று கேட்டவர் யார்?