பின்சக்கரத்துக் கல்

சேர்வராயன் சாமி மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யானால் நாளை முதல் என் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம். டாக்டர் அதை ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஏற்காட்டில் ஜீவானந்தம் என்று ஒருவர். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு பழைய கார் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து மனைவி மல்லிகாவுக்கு ஒரே பேச்சு, தானும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. காலை இட்லிக்கும் அதே பேச்சு, மத்தியானச் சோற்றுக்கும் அதே பேச்சு. முடியாது, முடியாது என்று சொல்லியே மனிதர் துரும்பாகிப்போனார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு கட்டினார். இயற்கைக் காட்சி காட்டுவதாகச் சேர்வராயன் கோயில் வரை கூட்டிப்போய், மலை ரோட்டைக் கண்டு அவளே நடுங்கும்படி செய்துவிடுவது. அதன்பின் சாவி ஆயுசுக்கும் தன் சட்டைப் பையில்தான்.

ஒரே ஒரு சிக்கல். ஏற்றத்தில் கார் நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப அவருக்கு வராது. வண்டி பின்னால் உருளும். பின்சக்கரத்துக்கு யாராவது கல் வைத்தால்தான் முன்னால் போவார். அதற்கென்றே டிக்கியில் ஒரு கருங்கல் உண்டு. வெளியே சொல்வதில்லை.

முதல் வளைவிலேயே எதிரே பஸ். கார் நின்றது.

"எறங்கிக் காட்சி பாரு மல்லிகா. அப்படியே அந்தக் கல்லையும் வெச்சிட்டுப் பாரு."

மல்லிகா கல் வைத்தார். கார் கிளம்பியது. சமதரை வந்த பிறகுதான் நின்றது. கல்லைத் தூக்கிக்கொண்டு மல்லிகா நடந்துபோய் ஏறினார். அடுத்த வளைவில் மறுபடி காட்சி. இப்படியே போனதில், புறப்படும்போது பூத்திருந்த காப்பிச் செடிகள் அவர்கள் தாண்டும்போது பழுத்துவிட்டன. ஒரு குரங்கு மனம் பொறுக்காமல் இறங்கி வந்து கல்லுக்கு ஒரு கை கொடுத்தது. சத்தியம் செய்திருக்கிறேன், நம்புங்கள்.

கோயிலுக்கு முந்தைய ஏற்றத்தில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஏனுங்க, எல்லாக் காட்சியும் நானே பாத்துட்டேன். இந்த ஒண்ணை நீங்க பாருங்க. பிரேக்கை நான் மிதிச்சுக்கறேன்."

மிதித்து மிதித்து ஜீவானந்தத்தின் காலும் மரத்துப்போயிருந்தது. "பிரேக்கை மட்டுந்தான். வேற எதையும் தொடாதே."

"தொடுவனுங்களா?"

ஜீவானந்தம் இறங்கினார். குந்தி உட்கார்ந்து கல்லை வைத்தார். வரிசை நகர்ந்தது. கார் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல், வெண்ணெயில் கத்தி போவதுபோல் மேலேறி வளைவில் மறைந்தது.

பின்னால் ஹாரன். கல்லைக் கட்டிக்கொண்டு அவர் நடந்தார். ஓட்டுநர் சீட்டு மாசக்கணக்கில் முன்னால் தள்ளிக் கிடந்ததும், அதற்காக மெக்கானிக்கைத் திட்டியதும் வழியெல்லாம் ஞாபகம் வந்தன.

கோயில் மைதானத்தில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, மல்லிகா கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"எப்பக் கத்துக்கிட்டே?"

"நீங்க சட்டையைக் கழட்டி மாட்டிட்டு மத்தியானம் தூங்கறப்பதானுங்க. அடுத்த ஊட்டுத் தேவகுமாரி ஸ்கூல் வேன் ஓட்டறாளே, அவ சொல்லிக் குடுத்தா."

"அப்புறம் எதுக்குத் தெனமும் என்னைக் கேட்டு உசுரை வாங்குனே?"

"நான் நச்சரிச்சாத்தானுங்களே நீங்க அலுத்துப்போயித் தூங்குவீங்க."

அவர் கல்லோடு டிக்கியைத் திறக்கப் போனார்.

"அங்க எடமில்லைங்க, பலாப்பழம் வாங்கிப் போட்டிருக்கறேன். கல்லை மடியில வெச்சுக்கிட்டு ஏறுங்க."

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை சேலத்துக்கு மல்லிகாவின் காரில்தான் இடம் கேட்டிருக்கிறேன்.