வியாழக்கிழமை திறந்த கேட்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய்விட்டார்கள் என்று சரித்திரப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. வாரத்தில் ஆறு நாளைக்கு அது உண்மை. வியாழக்கிழமைகளில் மட்டும் அவர்கள் போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் விடவில்லை.

பிரெஞ்சுப் பள்ளிகளில் வியாழக்கிழமைதான் விடுமுறை. அந்த மொழியில் அந்தக் கிழமைக்கு ‘ழெதி’ என்று பெயர். அதனால் பியூன் ஊருக்கெல்லாம் ழெதிக்காரர் ஆனார்.

ஐம்பதுகளின் நடுவில், கொடி மாறிய கையோடு, நெரவிப் பக்கத்தில் தனித்தனியாக இருந்த மூன்று சின்னப் பள்ளிகளைச் சேர்த்து ஓர் உயர்நிலைப் பள்ளி ஆக்கினார்கள். பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் விடுமுறைகளைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். பழைய பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் வியாழக்கிழமை வரமாட்டார்கள். மரைக்காயர் தெருப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வரமாட்டார்கள். வயல்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஆகாது. இதற்கு மேல் புது உத்தரவுப்படி சனி, ஞாயிறு. நான் அங்கே கணக்கு வாத்தியார். ஒரே தேற்றத்தை ஒரே வகுப்புக்கு மூன்று முறை நடத்தியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மற்றவர்களாவது வராமல் இருந்தார்கள். ழெதிக்காரர் வியாழக்கிழமை தவறாமல் வருவார். பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, சாவியை இடுப்பில் செருகி உட்கார்ந்துவிடுவார். புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் முதல் வியாழனன்று உத்தரவை அவர் முன்னால் படித்துக் காட்டினார். ழெதிக்காரர் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்.

“கொடி மாறிடிச்சுங்க, ஒத்துக்கறேன். கிழமை எப்படிங்க மாறும்?”

தலைமையாசிரியர் அன்று சுவர் ஏறிக் குதித்துத்தான் உள்ளே போனார். பூட்டை உடைக்கக் கூட்டிவந்த கொல்லர், அந்தப் பூட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆளை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்றால், அவருடைய சர்வீஸ் காகிதங்கள் அத்தனையும் பிரெஞ்சில் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பள்ளியில் அவர்தான்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை நானும் சுவர் ஏறினேன். புது வேட்டி மேலே ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. நான் இறங்கிவிட்டேன், வேட்டியில் பாதி இறங்கவில்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்ற பத்தாம் வகுப்புப் பெண்கள் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில், இடது கையால், மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். இந்தப் பள்ளியில் வியாழக்கிழமை காக்காய்கூட வருவதில்லை, பியூன் ராஜ்யம் நடக்கிறது என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. தபாலில் போடச் சொல்லி அதை ழெதிக்காரரிடமே கொடுத்தேன்.

அவருக்குத் தபால்தலைப் பசையில் நம்பிக்கை கிடையாது. வேலம்பிசினைக் கரைத்துத் தடவிக் கட்டைவிரலால் அழுத்துவார். அவர் ஒட்டிய கவர் எதுவானாலும் மூலையில் பழுப்பாக ஒரு ரேகை இருக்கும்.

மேலிடம் பியூனைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டுக் காக்காயைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி ஒருவர் நேரில் வருவார், பிள்ளைகள் போதுமான அளவு வரவில்லையென்றால் மேல்வகுப்புகளைக் காரைக்கால் டவுனுக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஓலை வந்தது. பையன்கள் எப்படியாவது டவுனுக்குப் போய்விடுவார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த பெண்கள் பதினோரு பேர். அவர்களை டவுனுக்கு அனுப்ப ஒரு தகப்பனும் தயாராக இல்லை. அவர்கள் படிப்பு அதோடு சரி. அதிகாரி குறித்திருந்த நாள் வியாழக்கிழமை. காலண்டரைப் புரட்டினால் அன்றைக்கு அமாவாசையும்கூட.

ழெதிக்காரர் என்னிடம் வந்தார்.

“பொம்பளைப் புள்ளைங்க படிப்பு நின்னுடும்கிறாங்களே, எதுனால சார்?”

“உங்க வியாழக்கிழமையாலதான்” என்றேன். என் கடிதத்தால் என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் பள்ளிக்கூடத்துக் கைமணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மீனவர் குப்பமான கிளிஞ்சல்மேட்டில் மணியை அடித்து, நாளைக்கு ழெதிக்காரன் கேட்டைத் திறக்கப்போகிறான், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். நெரவியில் அமாவாசைக்காரர்கள் முடியாது என்றார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லையாம்.

“இருபது வருஷத்து வியாழக்கிழமைய நான் விடுறேன். ஒரு அமாவாசைய விட உங்களுக்கு மனசு வராதா?”

மறுநாள் எட்டு மணிக்கே கேட்டுக்கு முன்னால் தேர்க் கூட்டம். கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தர்ப்பணம் முடித்த ஈர வேட்டியோடு தகப்பன்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்திருந்தார்கள். மரைக்காயர் தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ழெதிக்காரர் கோட்டுப் பொத்தான்களைத் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கேட் திறந்தபோது எழுந்த சத்தம், கொடி மாறிய அன்றுகூட எழவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

பெஞ்சு போதவில்லை. பிள்ளைகள் ஜன்னலில் உட்கார்ந்தார்கள். அதிகாரி தாமே பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் “உள்ளேன் ஐயா” வந்தது. என் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லாத முதல் நாள் அதுதான். பதினோரு பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து மேஜைமேல் போட்டார். என் இடது கைக் கோணல் எழுத்து, மூலையில் பழுப்பு ரேகை. இளநீர் கொண்டுவந்த ழெதிக்காரர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்கு அமாவாசை என் முகத்தில்தான் இருந்திருக்கும்.

“இது யார் வேலைன்னு உமக்குத் தெரியுமாய்யா?” என்றார் அதிகாரி.

“பள்ளிக்கூடம் நல்லா இருக்கணும்னு நினைச்சவங்க யாராவது எழுதியிருப்பாங்க” என்று சொல்லி, இளநீரை முதலில் என் கையில் கொடுத்தார்.

மேல்வகுப்புகள் எங்களிடமே இருந்தன. அந்தப் பெண்களில் ஒருத்தி பிற்பாடு அங்கேயே ஆசிரியையாக வந்தாள். ழெதிக்காரர் அதன்பின் ஒரு வியாழக்கிழமைகூடக் கேட்டைப் பூட்டவில்லை. எனக்குக் கொடுத்த தண்டனை ஒன்றே ஒன்றுதான். நான் தபால் கொடுக்கும்போதெல்லாம் பிசின் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, “நீங்களே ஒட்டிடுங்க சார்” என்பார்.

அவர் இருந்தவரை உண்மையை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. ஓய்வு பெற்ற எனக்கு இப்போது ஏழு நாளும் விடுமுறைதான். ஆனாலும் வியாழக்கிழமைகளில் நான் என் வீட்டுக் கேட்டைத் திறப்பதில்லை. யாராவது கேட்டால், இன்றைக்கு ழெதிக்காரருக்கு லீவு என்று சொல்லிவிடுகிறேன்.