பல்லு டொக்டரும் நாலாம் பாகமும்

ஆளின் வாயை ஆவென்று திறக்கவைத்து, உள்ளே கண்ணாடியையும் பஞ்சையும் தண்ணீர் உறிஞ்சும் குழாயையும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அபிப்பிராயம் கேட்பதில் இந்தத் தீவிலேயே எங்கள் பல்லு டொக்டரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கிளினிக் பலகையில் பட்டங்களோடு எழுதியும் இருந்தது. ஆனால் பல்வலியோடு வருகிறவன் பலகை வாசிப்பதில்லை. மட்டக்களப்பு நகரம் முழுவதற்கும் அவர் பல்லு டொக்டர்தான்.

அவர் அரசியலைப் பற்றிக் கேட்கமாட்டார். அரிசி விலையைப் பற்றியும் கேட்கமாட்டார். ‘உப்புக் கிரீடம்’ பற்றித்தான் கேட்பார்.

உப்புக் கிரீடம் என்பது பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசிக்கிற மாயாஜாலத் தொடர்கதை. பாகம் பாகமாகக் கொழும்பிலிருந்து வரும். ஒவ்வொரு பாகமும் தலையணைக்கு வைக்கலாம்போல் இருக்கும். யாரோ ஒரு பிள்ளை முதலாம் பாகத்தைக் கிளினிக்கில் மறந்துவிட்டுப் போக, ஐம்பது வயது தாண்டிய, தலையில் ஒரு மயிரும் இல்லாத டொக்டர் சும்மா புரட்டிப் பார்த்திருக்கிறார். அதோடு ஆள் அந்தக் கதைக்குள் போனார். பிள்ளை புத்தகத்தைத் தேடி வந்தபோது, “நாளைக்கு வா மகள், இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்று திருப்பி அனுப்பினாராம்.

கதை என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கணிதம் படிப்பிக்கிறவள். என் மகள் ஷெரின் ஒரு மாதிரிச் சொல்வாள், டொக்டர் இன்னொரு மாதிரிச் சொல்வார், இரண்டையும் கூட்டினால் விடை வராது. எனக்கு விளங்கிய அளவில், கடலுக்கு அடியில் ஒரு ராச்சியம், அதற்கு உரிமைக்காரி மின்னி என்ற பெட்டை, அவளுக்குத் துணையாகத் தூரன் என்ற பொடியன். மின்னி அழுதால் கண்ணீர் உப்புக்கட்டியாக விழும். அதைச் சேர்த்துத்தான் கிரீடம் செய்யவேண்டும். செய்தபிறகு அந்தக் கிரீடத்தை ஏன் உடைக்கவேண்டும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு வேர்ச் சிகிச்சை நடந்த காலம் அது. விறைப்பூசி போட்டு, பாதி முகம் யாருடையதோ போல ஆனபிறகு டொக்டர் தொடங்குவார்.

“ரீச்சர், நீங்க சொல்லுங்க. தூரன் மின்னியிட்ட உண்மையச் சொல்லியிருக்கோணுமா, இல்லையா?”

“ஆ... ஆ...”

“அதானே! நானும் அதத்தான் சொன்னன்.”

எனக்குத் தூரன் யாரென்றே தெரியாத நாளில் நடந்த உரையாடல் இது. ஆனாலும் நான் அவருடைய கட்சி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். கரடியனாற்றிலிருந்து கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ஒரு வயல்காரர் வலி தாங்காமல் கையைத் தூக்கினாராம். “பொறுங்க ஐயா, நான் சொல்லி முடிக்கிறன், பிறகு நீங்க உங்கட கருத்தச் சொல்லுங்க” என்றாராம் டொக்டர். அந்த மனுசன் வீட்டுக்குப் போய், “பல்லு போச்சு, பரவாயில்ல. ஆனா ஆரோ மின்னி எண்டு ஒரு புள்ளைக்குப் பெரிய கரைச்சலாம்” என்று மனைவியிடம் கவலைப்பட்டதாகக் கேள்வி.

மூன்றாம் பாகத்தில் தூரன் செத்துப்போனான். மின்னியைக் காப்பாற்றப் போய்ச் செத்தான். அடுத்த நாள் கிளினிக் பூட்டியிருந்தது. கதவில் ஒரு மட்டை தொங்கியது: ‘துக்கம் காரணமாக இன்று மூடப்பட்டுள்ளது.’

எங்கள் ஊர் துக்கத்தைச் சும்மா விடுகிற ஊரல்ல. முன்னால் இருந்த ஓட்டோப் பொடியன்கள் முதலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் சீனியும் தேயிலையும் கொண்டு டொக்டரின் வீட்டுக்குப் போனார். மெதடிஸ்த கோயிலிலிருந்து இரண்டு பேர் பாட்டுப் புத்தகத்தோடு போனார்கள். நானும் வெள்ளைச் சாரி கட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கண் சிவந்து, சாரத்தோடு விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்.

“ஆர் டொக்டர், சொந்தமா?” என்று பலசரக்குக் கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

“சொந்தத்தவிடக் கிட்ட” என்றார் டொக்டர். “சின்னப் பொடியன். பதினேழு வயது.”

ஐயோ என்றார்கள் எல்லோரும். எப்படி என்று கேட்டார்கள்.

“ஈட்டி பாஞ்சி.”

எல்லோர் கண்ணும் அவர் மடியில் கிடந்த மூன்றாம் பாகத்துக்குப் போனது. பாட்டுப் புத்தகக்காரர்கள்தான் முதலில் எழும்பினார்கள். கடைக்காரர் சீனியைத் திருப்பிக் கேட்கலாமா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். டொக்டரிடம் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நாலாம் பாகம் வந்து சேர்ந்தது. நாலாம் பாகத்தில் தூரன் உயிரோடு திரும்பி வந்துவிட்டான்.

ஒருநாள் அலையோடு வந்து அரண்மனை வாசலில் நிற்கிறானாம். எங்கே இருந்தான், எப்படித் தப்பினான், ஒன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை. அவன் உண்மையான தூரனா, எதிரி அனுப்பிய உருவமா என்று புத்தகம் முடியுமட்டும் எல்லோரும் அவனை விசாரிக்கிறார்கள். முடிவும் தெரியாமல் பாகம் முடிகிறது. ஊரிலுள்ள வாசகர் கூட்டம் நடுவால் பிளந்தது. பாதிப் பேர் சந்தோசத்தில் அழுதார்கள். மற்றப் பாதி ஏமாற்று வேலை என்று கத்தியது. ஒரு பொடியன் அட்டைப்படம் மட்டும் நல்லம் என்றான். ஒரு தாய், புத்தகம் பாரம், பிள்ளைக்குத் தோள் வலிக்கிறது என்று முறையிட்டாள்.

டொக்டருக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

“நான் அவனுக்காகக் கிளினிக் பூட்டின ஆள் ரீச்சர்! வெள்ளக்கொடி கட்டினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுற? ஆனா வந்திட்டான் எண்டு வாசிச்சோன்ன கதிரைய விட்டுத் துள்ளி எழும்பிட்டன். அப்ப நான் சந்தோசமா இரிக்கனா, கோவமா இரிக்கனா?”

“ஆ...” என்றேன் நான்.

“அதுதான் எனக்கும் விளங்கல்ல.”

காலையில் பல்லுக் கம்பி இறுக்க வந்த பிள்ளை வாதாடினால், காலையில் தூரன் உண்மையானவன். பின்னேரம் வந்த பிள்ளை வாதாடினால், பின்னேரம் அவன் மோசடிக்காரன். ஒரே பல்லுக்கு இரண்டு தரம் வந்த ஒருவரிடம் இரண்டு விதமாகப் பேச, அந்த ஆள் தன் பல்லைப் பற்றித்தான் டொக்டர் மாறி மாறிச் சொல்கிறார் என்று பயந்து கல்முனைக்குப் போய் வேறு டொக்டரிடம் காட்டினார்.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். பிறகு என் வீட்டுக்குள் வந்தது வினை.

ஷெரினுக்கு ஹஸ்னா என்று ஒரு கூட்டாளி. காத்தான்குடிப் பிள்ளை. டியூஷன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை, ஒரே பக்கத்தில் தெத்திப்பல், ஒரே டொக்டரிடம் கம்பி. நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் அங்கிருந்து வரும். நத்தாருக்குக் கேக் இங்கிருந்து போகும். மூன்றாம் பாகத்தை இரண்டு பேரும் ஒரு புத்தகத்தில் தலை முட்ட வாசித்தவர்கள். நாலாம் பாகம் வந்து ஒரு கிழமைக்குள், கதிரைகளுக்கு நடுவில் ஷெரினின் புத்தகப் பை உட்கார்ந்திருந்தது.

ஷெரினுக்கு நாலாம் பாகம் உயிர். ஹஸ்னாவுக்கு அது துரோகம். வாட்ஸ்அப்பில் ஏதோ எழுதிக்கொண்டார்கள்; எழுதக்கூடாத ஏதோ. “அவளுக்கு இதயம் இல்லம்மா” என்றாள் என் மகள். ஹஸ்னாவின் உம்மா எனக்குப் போன் எடுத்தார். “ரீச்சர், இவ சரியாச் சாப்பிடுறாவுமில்ல, கதைக்கிறாவுமில்ல. ஆரு ரீச்சர் இந்தத் தூரன்? பொடியன் எந்த ஊர்?” அந்தத் தாயை அமைதிப்படுத்த எனக்கு வெகுநேரம் பிடித்தது. நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஷெரினைக் கம்பி இறுக்கக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்தால், டொக்டரின் நாற்காலியில் ஹஸ்னா வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறாள்.

“வாங்க, வாங்க” என்றார் டொக்டர். “ஷெரின், இஞ்ச வந்து நில்லு. உன்னட்டத்தான் கேக்கோணும் எண்டிருந்தன். தூரன் வந்தது ஏன் சரி?”

ஷெரின் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு கேள்வி அவளுடைய உயிரான கேள்வி என்பதால் மெல்ல வெளியே வந்தாள். “உண்மையில ஒருத்தரும் திரும்பி வாறல்லத்தானே டொக்டர். கதையிலயாவது ஒராள் வரட்டுமே” என்றாள்.

“ஆஆ!” என்றாள் ஹஸ்னா நாற்காலியிலிருந்து. அது மறுப்பு என்பது எனக்கே விளங்கியது.

“ஆடாத புள்ள, கம்பி குத்தும்” என்றார் டொக்டர். ஷெரின் பேசி முடிக்கும்வரை ஹஸ்னாவால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. கண்ணால் மட்டும் எரித்தாள். பிறகு ஹஸ்னா எழும்ப, ஷெரின் நாற்காலிக்குப் போனாள். ஹஸ்னா வாயைக் கொப்பளித்தாள்.

“இப்ப நீ சொல்லு மகள்.”

“நாங்க அழுததெல்லாம் பொய்யா டொக்டர்?” என்று வெடித்தாள் ஹஸ்னா. “இவளும் நானும் கட்டிப் பிடிச்சி அழுத நாங்க. அவன் சும்மா வந்து நிண்டா, அந்த அழுகைக்கு என்ன மதிப்பிரிக்கி?”

ஷெரின் ஆஆ என்றாள். அது மறுப்பா, ஆமாவா என்று தெரியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் மேரி அக்கா வாயைத் திறந்தார். டொக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறவர், கடற்கரை ஊரான வாகரையைச் சேர்ந்தவர். உப்புக் கிரீடத்தில் ஒரு பக்கமும் வாசித்ததில்லை. வருகிறவர்கள் வாயிலிருந்தும் டொக்டர் வாயிலிருந்தும் விழுந்த கதைதான் அவருக்குத் தெரியும்.

“வந்த பொடியனுக்கு ஆராச்சும் சோறு குடுத்தாங்களா?”

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“இல்ல, கேக்கன். அலையோட வந்தவன் எண்டு சொல்லுறீங்க. செத்துட்டான் எண்டு நினைச்ச ஆள் வாசல்ல வந்து நிண்டா, முதல்ல சோத்தப் போடோணும். கேள்வியெல்லாம் பிறகு கேக்கலாம்.”

சுனாமி வந்த வருடம் மேரி அக்கா தன் தம்பியைத் தேடித் திரிந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடிக்கவில்லை. அதை யாரும் அவரிடம் கதைப்பதில்லை. டொக்டரின் கை ஷெரினின் வாய்க்கு மேலே அப்படியே நின்றது.

ஹஸ்னா குரலை இறக்கிச் சொன்னாள். “இல்ல மேரி அக்கா. புத்தகம் முடியுமட்டும் ஒருத்தரும் ஒண்டும் குடுக்கல்ல.”

“அப்ப அது பிழையான புத்தகந்தான்” என்றார் மேரி அக்கா. “ஆனா பொடியன் வந்தது சரி.” தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

ஷெரினுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாய்க்குள் அத்தனையையும் வைத்துக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்கும்? அதைப் பார்த்து ஹஸ்னா சிரித்தாள். கம்பி போட்ட இரண்டு வாய்களும் அந்த அறையில் பளபளத்தன. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் குறடோடு என்னைப் பார்த்தார்.

“அப்ப ரீச்சர், நான் இப்ப எந்தப் பக்கம்?”

பிள்ளைகள் ஒன்றாகத்தான் படியிறங்கிப் போனார்கள். தூரனுக்கு என்ன கறி கொடுத்திருக்கவேண்டும் என்று கீழே நின்று சண்டை பிடிப்பது மேலே கேட்டது. நான் டொக்டரிடம் கேட்டேன்: “ரெண்டு பேரையும் வேணுமெண்டுதானே ஒரே நேரத்துக்கு வரச்சொன்னீங்க?”

அவர் கண்ணைச் சிமிட்டினார். “ஏன், ரெண்டு பேரும் கோவமா இருந்தவங்களா?”

உண்மையாகவே தெரியாதா, தெரியாதவர் மாதிரி நடித்தாரா, இன்றுவரை என்னால் சொல்லமுடியவில்லை. மேரி அக்காவிடம் கேட்டால் அவர் டொக்டரைக் கைகாட்டினார்.

பிறகு டொக்டருக்கு அவருடைய அரசாங்க ஆஸ்பத்திரி வேலையில் மன்னாருக்கு மாற்றம் வந்தது. போய்விட்டார். அங்கேயும் நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்கள்; பாவங்கள். இப்போது ஐந்தாம் பாகம் வந்திருக்கிறது. போன கிழமை டொக்டர் போன் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை. “ரீச்சர், பிள்ளைகள் என்ன சொல்லுதுகள்?” என்றார். ஒருத்தி நல்லம் என்கிறாள், மற்றவள் கூடாது என்கிறாள் என்றேன். “அது சரி, நீங்க என்ன சொல்லுறீங்க?” என்றார்.

வாயில் பஞ்சும் இல்லை, குழாயும் இல்லை. இனி ‘ஆ’ என்று சொல்லித் தப்பமுடியாது. ஷெரினின் அலுமாரியிலிருந்து முதலாம் பாகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எழுபது பக்கம் போயும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் விடமாட்டேன். அடுத்த முறை அந்த மனுசன் போன் எடுக்கும்போது, அவரோடு கதைக்க ஒரு ஆளாவது இருக்கவேண்டும்.