மன்னிக்கும் மட்டை

வருகிற ஞாயிற்றுக்கிழமை கேவலமாக ஆடுவது என்று கண்ணாடிக் கடைக்காரர் தீர்மானம் செய்துவிட்டார். சாதாரணமாகச் சொதப்பினால் போதாது. பார்க்கிறவர்கள் பரிதாபப்பட வேண்டும். அதிலும் ஒருவர் பரிதாபப்பட்டே ஆக வேண்டும். அது அவர் மனைவி.

விஷயம் இதுதான். மனிதருக்குப் புது கோல்ஃப் மட்டைகள் மேல் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் வருகிற ஆசை லேசில் போகாது. பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொல்வார். அவர்கள் திக்கித் திணறிப் படித்து முடிப்பதற்குள் அவர் மனசு அடுத்த தெருவில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்விடும். ஒரு நாள் ஒரு டீச்சரம்மாவை வலது கண்ணைப் பொத்தச் சொன்னவர், கையை எடுக்கச் சொல்லவே மறந்துபோனார். நல்ல பிள்ளையாக அந்த அம்மாவும் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தார்.

ஆட ஆரம்பித்து ஆறேழு மாதம் இருக்கும். எதிர்வீட்டுப் பல் டாக்டர் துணைக்கு ஆள் கிடைக்காமல் இவரை இழுத்துக்கொண்டு போனார். போன இடத்தில் பச்சைப் புல், காலை வெயில், யாரும் எந்த வேலையும் ஏவாத நாலு மணி நேரம். அதிலேயே மனிதர் விழுந்துவிட்டார். கையில் இருந்த மட்டைகள் மட்டும்தான் இடைஞ்சல். அவை மனைவியின் அண்ணனுடையவை. ஆட்டத்தை விட்டபோது பையோடு தூக்கிக் கொடுத்தது. மைத்துனர் நல்ல நெட்டை, வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார். கண்ணாடிக் கடைக்காரர் நிமிர்ந்து நின்றால் அவர் சட்டைப் பையோடு பேசலாம். அந்த நீளத்துக்குச் செய்த மட்டையை இவர் வீசினால் பந்துக்கு முன்னால் மண்தான் அடி வாங்கும். மைதானத்துத் தோட்டக்காரர் இவர் வருவதைப் பார்த்தாலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார்.

விளையாட்டுச் சாமான் கடையில் அவரை நேராக நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்தார்கள். கல்யாணச் சட்டைக்குப் பிறகு அவரை யாரும் அவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை. புதிதாக ஆடுகிறவருக்குப் பை நிறைய மட்டை வேண்டாம், ஏழு மட்டை கொண்ட பாதி செட் போதும் என்று விற்பனையாளர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். பந்தில் படுகிற முகம் அகலம், பின்பக்கம் குடைந்து ஓரத்தில் கனம் வைத்தது.

"நடுவுல படாம ஓரத்துல பட்டாலும் பந்து ஓரளவு நேராவே போகும் சார். நம்ம தப்பை மன்னிச்சிடும்."

பால் வாங்க மறந்ததற்கு மறுவாரம் வரைக்கும் பேச்சு வாங்குகிற மனிதர் அவர். மன்னிக்கிற பொருள் ஒன்று உலகத்தில் விலைக்குக் கிடைக்கிறது என்று கேட்டதும் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மட்டையைத் திருப்பிக் கொடுக்கவே கை வரவில்லை.

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"மட்டை மாத்தணும்."

"ஏன், எங்க அண்ணன் குடுத்ததுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல. நீளம் அதிகம்."

"அண்ணனையா சொல்றீங்க?"

"மட்டையச் சொல்றேன். புது செட்டுல இரும்புத் தலை வச்ச அயர்ன் இருக்கு, குழிக்குள்ள தள்ளி விடற பட்டர் இருக்கு, தூரமா அடிக்க நல்ல டிரைவர் மட்டை ஒண்ணு..."

"வீட்டுல இருக்கற டிரைவரே வண்டிய ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுல இடிக்கறார். இதுல இன்னொண்ணா?" என்றாள் மனைவி. "ஃபிரேம் மாத்தினா பார்வை தெளிவாகுமான்னு கேக்கறவங்ககிட்ட நீங்க என்ன சொல்றீங்க?"

ஃபிரேமில் ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது என்று கடையில் சொல்லிச் சொல்லி நல்ல பெயர் வாங்கியவர் அவர். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் நேர்மைக்காக வருத்தப்பட்டார்.

பல் டாக்டர்தான் வழி சொன்னார். மனைவியை மைதானத்துக்கே அழைத்து வந்து, பழைய மட்டையில் படுமோசமாக ஆடிக் காட்டச் சொன்னார். மனைவிகள் நமக்காக இரங்க மாட்டார்கள், ஆனால் நாலு பேர் முன்னால் நம் மானம் போவதைத் தாங்கவும் மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். அவருடைய புது செட் அப்படி வந்ததுதானாம்.

கண்ணாடிக் கடைக்காரர் தயங்கித் தயங்கி அழைத்தார். மனைவி உடனே சரி என்றாள். இத்தனை மாதமும் அவளை ஒரு நாளாவது கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். வேலை இருக்கிறது என்பாளோ என்று பயந்து வாயைத் திறக்காமலே இருந்தார். கடைசியில் அழைத்தது இப்படி ஒரு காரியத்துக்காக. அது அவரைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மட்டையின் பளபளப்பு அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கிளம்பி வந்ததைப் பார்த்து அவருக்கே திகைப்பு. கல்யாணமான புதிதில் அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தாள். அது இன்னும் அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஃபிளாஸ்க்கில் டீயோடு, குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய இடத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பந்தை அவர் திட்டப்படியே குளத்தில் போட்டார். இரண்டாவது வீச்சில் பந்து அசையவில்லை, புல்லோடு ஒரு கட்டி மண் எழும்பி அவர் ஷூ மேலேயே விழுந்தது. பல் டாக்டர் மறைவாகக் கட்டைவிரலை உயர்த்தினார். காரியம் கச்சிதமாக நடக்கிறது. ஆனால் கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று. முதல் முதலாக வந்திருக்கிறாள், இதையா பார்க்க வேண்டும்? சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வீச்சுக்கு நின்றார். அப்போது பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"மட்டையப் பிடிச்சுக்கிட்டு நீங்க நிக்கறதே அழகா இருக்குங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு நினைவில்லை. புது செட், டாக்டரின் திட்டம் எல்லாம் தலையை விட்டுப் போயின. அவள் பார்க்கிறாள், அவ்வளவுதான் தெரிந்தது. கை தானாகவே கைப்பிடியில் இரண்டு விரல் கீழே இறங்கிப் பிடித்தது. வீசினார்.

டப்பென்று ஒரு சத்தம். பந்து குளத்துக்கு மேலே உயர்ந்து, நிதானமாக இறங்கி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் பெருமை தாங்காமல் திரும்பினார். மனைவி டீயை ஊற்றி நீட்டினாள்.

"இந்த மட்டையவா மாத்தணும்னீங்க? கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சா நீளம் சரியாப் போகுதே."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீ நாக்கைச் சுட்டது.

"நான் மோசமா அடிக்கப் போறேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டாக்டர் வீட்டம்மா சொன்னாங்க. அவங்க புது செட் வாங்கிக் குடுத்த கதையும் சொன்னாங்க. பாவம், அவங்களுக்கு விவரம் போதாது. நான் பாராட்டினா நீங்க தப்பா அடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு மட்டை போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. அந்தப் பெஞ்சில் அவள், அந்தக் கறுப்புக் கண்ணாடி, அந்த ஒரு வார்த்தை. வாரா வாரம் இது கிடைத்தால் மைத்துனரின் மட்டையாலேயே ஆயுசு முழுக்க ஆடிவிடலாம். கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த ஞாயிறும் வர்றியா?"

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கூட்டுக்குள் வைத்து மூடினாள்.

"எதுக்குங்க? மட்டைதான் நல்லா இருக்கே."