வாண்டா வீட்டுக்குப் புதுப் பூட்டு

வாண்டா பிளாசெக் பனியில் நின்றபடி தன் வீட்டுக் கதவில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பூட்டே புதுசு. தவணை கட்டாததால் வீடு பறிமுதல் என்று கதவில் வங்கி ஒட்டிய தாள்.

வீட்டுக் கடன் கட்ட முடியாமல் பலர் தவித்த அந்த வருஷம் அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் வங்கிகள் பூட்டும் கையுமாகத் திரிந்தன. ஆனால் வாண்டா யாரிடமும் ஒரு டாலர்கூடக் கடன் வாங்கியதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, முழுப் பணமும் கொடுத்து வாங்கிய வீடு. ஜன்னலுக்கு உள்ளே அவள் பூனை உட்கார்ந்து, யாரோ எவரோ என்பதுபோல் பார்த்தது.

வங்கிக்குப் போன் போட்டாள்.

"உங்க கடன் நம்பர் சொல்லுங்க மேடம்."

"கடனே இல்லைங்கறேன்."

"கடன் இல்லாதவங்ககிட்ட கடனைப் பத்திப் பேச எங்களுக்கு அனுமதி இல்லை மேடம்."

கிளைக்கே போனாள். வாடிக்கையாளராக இருந்தால்தான் புகார் வாங்க முடியுமாம். மேலாளர் இரக்கப்பட்டு, இருபத்தைந்து டாலரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கச் சொன்னார். தொடங்கினாள். மறுநாள் அந்தப் பணத்தை வங்கி வீட்டுத் தவணையில் வரவு வைத்துவிட்டது. இல்லாத கடனை அவளே ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

பூனை பட்டினி கிடக்கிறதே என்று ஜன்னலை உடைத்து உள்ளே போனாள். குளிரில் குழாய் வெடிக்காமலிருக்க வங்கி ஆட்கள் தண்ணீரை வடித்து, கக்கூசில் இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றி, மூடிக்கு நாடா ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் அவள் நாடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. வங்கியின் வீட்டில் அத்துமீறி நுழைந்தாளாம். பூனையையும் சேர்த்தே காரில் ஏற்றினார்கள்.

வழக்கு வந்தது. கடன் பத்திரத்தைக் காட்டு என்று வங்கியிடம் சொன்னார் நீதிபதி. இருந்தால்தானே காட்ட? வங்கி வக்கீல் பையைத் துழாவினார், தொண்டையைச் செருமினார், கடைசியில் அது பக்கத்துத் தெருவில் அதே எண்ணுள்ள வீட்டுக்குப் போக வேண்டிய பூட்டு என்றார். வீட்டைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவாயிற்று.

பூட்டை மாட்டியவனே கழற்ற வந்தான். வண்டியிலிருந்து அவன் இறங்குமுன்பே வாண்டா ஆரம்பித்துவிட்டாள்.

"யார் வீடுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சியாடா? அவங்க சொன்னா உன் சொந்த வீட்டுக்கும் பூட்டு மாட்டுவியா?"

அவன் குந்தி உட்கார்ந்து திருப்புளியைத் திருகினான். தலையை நிமிர்த்தவில்லை.

"என் வீட்டுக்கும் போன வாரம்தான் மாட்டினேன்க்கா. கூலிதான் இன்னும் வரல."