போன வருஷத்து எப்.சி.

எப்.சி. முடிந்த காரை ஓட்டுகிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. கார் வாங்கிப் பதினைந்து ஆண்டு ஆகிவிட்டால், அதைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நிறுத்தி, இது இன்னும் ரோட்டில் ஓடத் தகுந்ததுதான் என்று சான்று வாங்க வேண்டும். அதைத்தான் நாம் எப்.சி. என்கிறோம். அதை வாங்காமல் ஓட்டுகிறவரை வசதி இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். விவரம் இல்லாதவர் என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு எப்.சி. எந்த மாதம் முடிகிறது என்று கேட்டால் சட்டென்று சொல்லுவார். அவருடைய வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பானெட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சத்தத்தக் கேளுங்க. இந்தத் தகரம் இப்ப வர்ற வண்டியில இருக்கா?" என்பார். நீங்கள் கேட்டது தகரத்தைப் பற்றியா?

சாலையில் அவரை அடையாளம் காண்பது சுலபம். யார் மிக ஒழுங்காக ஓட்டுகிறாரோ அவர்தான். எல்லாப் பேப்பரையும் சரியாக வைத்திருக்கிறவன் ஒரு கையில் போனும் மறு கையில் வடையுமாக, ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்துக்கொண்டு பறப்பான். இவர் அப்படியில்லை. வீட்டு வாசலிலேயே சீட் பெல்ட்டை மாட்டி, பக்கக் கண்ணாடி இரண்டையும் திருத்தி, ஆளே இல்லாத தெருவில் இண்டிகேட்டரும் போட்டுக் கையும் காட்டி, குறுக்கே ஒரு கோழி வந்தால் நின்று, அது போய், அதன் குஞ்சுகளும் போய், பின்னால் சொந்தக்காரர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்து, பிறகுதான் கியர் போடுவார். முன் கண்ணாடியில் முருகன், வேளாங்கண்ணி மாதா, பிறை நிலா என்று மூன்று ஸ்டிக்கர்கள் இருக்கும். மறிக்கிற அதிகாரி யாராக இருந்தாலும் ஒரு நொடி தயங்கட்டும் என்று ஏற்பாடு. காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் வணக்கம் வைப்பார். போஸ்ட்மேனுக்கும் வைப்பார். போஸ்ட்மேன் பயந்துவிடுவார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் திருத்தங்கலுக்கு வர வேண்டும். அங்கே அய்யாதுரை அண்ணாச்சி இருக்கிறார். தினசரி காலண்டர் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறார்.

காலண்டர்காரர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டருக்குப் பூஜை போட்டு ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு நடப்பது அடுத்த வருஷம்தான். நாமெல்லாம் ஆவணியில் உட்கார்ந்து வரப்போகிற தீபாவளிக்குத் துணி எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் அதற்கும் அடுத்த தீபாவளியைச் சிவப்பு மையில் அடித்து, கட்டிங் போட்டு, பின் அடித்து, லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அய்யாதுரை வீட்டுக் கூடத்தில் தொங்குவதும் அடுத்த வருஷத்துக் காலண்டர்தான். நடப்பு வருஷத்தை அவர் ஆடியிலேயே கழற்றிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

அவருடைய வெள்ளைக் காரின் எப்.சி. ஆனி மாதம் முடிந்தது.

"என்னங்க, அந்த எப்.சி. என்னாச்சு?" என்று அவருடைய மனைவி ஆவுடைத்தாய் கேட்பார்.

"போன வருஷத்துக் கதைய இப்ப எதுக்கு எடுக்கிற?"

"ஆனி மாசம் முடிஞ்சது போன வருஷமா? இப்பத்தான ஐப்பசி பொறந்திருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆவுடைத்தாய் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அப்படியென்றால் அவர் எப்.சி. எடுக்கவே நினைக்கவில்லையா? நினைத்தார். வாரா வாரம் நினைத்தார். ஆனால் காலண்டர் அடிக்கிறவர் காலண்டரை மதிக்காமல் இருக்க முடியுமா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வடக்கே இருக்கிறது; செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வியாழக்கிழமை பார்த்து ஒவ்வொரு வாரமும் அவருக்குச் சந்திராஷ்டமம் வந்தது. அது வாராவாரம் வரக்கூடியதல்ல என்பதை ஊரில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை, இருந்தும் வந்தது. வெள்ளிக்கிழமை கையிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை. மிச்சம் இருப்பது திங்கள். திங்கட்கிழமை வெளியூர் லோடு. இப்படியாக, சட்டத்துக்கு வாரத்தில் ஏழு நாள் போதவில்லை.

இதற்கிடையில் மகள் பிரீத்திகாவுக்கு ஓர் இடம் வந்தது. வந்தது என்றால், அவளே கொண்டுவந்தாள். மதுரையில் தன்னோடு வேலை பார்க்கிற ராம்குமாரைக் கட்டிக்கொள்வது என்று இருவருமே பேசிவைத்து, இரண்டு வீட்டையும் ஒரு வருஷமாகக் கரைத்து, ஒருவழியாக மாப்பிள்ளையின் அப்பா நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் பெயர் ராஜபாண்டியன். வேறு மாவட்டத்தில் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று கேட்கிறீர்களா? பிரேக் இன்ஸ்பெக்டர்.

விருதுநகர் வரை ரயிலில் வருகிற அவரைக் கூட்டிவர அய்யாதுரை தன் காரைக் கழுவ ஆரம்பித்தார்.

"ப்பா, ஆட்டோ பேசிக்கலாம்ப்பா. அவரு தொழிலே அதுதான்."

"லீவு போட்டுல்ல வர்றாரு பாப்பா. லீவுல எதையும் பாக்க மாட்டாக. நான் லீவுல காலண்டரப் பாக்கேனா?"

"நீங்க எப்பப்பா லீவு போட்டீக?"

இதற்கு அவர் டயரைத் தேய்த்தார்.

ஸ்டேஷன் வாசலில் ராஜபாண்டியன் கையில் பழப்பையோடு நின்றிருந்தார். கார் வந்து நின்றதும் அவருடைய கால் அவரைக் கேட்காமலே முன் டயரை ஓர் உதை உதைத்தது. கண் நம்பர் பலகையில் ஒரு கணம் நின்றது. பிறகு தான் சம்பந்தம் பேச வந்திருப்பது நினைவுக்கு வந்து, சிரித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் அய்யாதுரை அவருக்காக வைத்திருந்த பெரிய சைஸ் காலண்டர் ஒன்று, லட்சுமி படத்தோடு இருந்தது.

ஆமத்தூர் தாண்டியதும் கார் இண்டிகேட்டர் போட்டு, கை காட்டி, ஒரு கருவேலங்காட்டுக்குள் திரும்பியது.

"அண்ணாச்சி, என்ன இந்தப் பக்கம்?"

"இது குறுக்கு வழி."

"ரோடே காணமே."

"போடுவாக."

கொஞ்ச தூரம் காரின் அடிப்பக்கம் மட்டும் கற்களோடு பேசிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி," என்றார் ராஜபாண்டியன் மிக மெதுவாக. "எப்.சி. எப்ப முடிஞ்சது?"

"அது போன வருஷத்துச் சமாச்சாரம். சத்தத்தக் கேளுங்க. இந்தத் தகரம்..."

"தகரம் கெடக்கட்டும்யா. நான்ல வண்டிக்குள்ள இருக்கேன்."

வாசகரே, இந்த இடத்தில் ராஜபாண்டியன் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு நடந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வெளியே வெயில். ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர், எப்.சி. இல்லாத காரோடு, கையில் பழப்பையோடு, இன்னொரு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் பிடிபட்டால் அந்தச் செய்தி எத்தனை வாட்ஸ்அப் குழுவில் ஓடும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் குழுக்களில் பாதிக்கு அவரே அட்மின்.

"இங்கன திரும்பாதீக," என்றார். "நிழல் இருக்கு, டீக்கடை இருக்கு, வளைவும் இருக்கு. மூணும் இருந்தா அங்கன நாங்க நிப்போம்."

அய்யாதுரை திகைத்துப்போய் நேரே விட்டார். இத்தனை மாதமாக எங்கே மறிப்பார்கள் என்று அவர் டீக்கடை டீக்கடையாக விசாரித்துத் திரட்டிய அறிவெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் முன் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"முன்னால பட்டாசுக் கம்பெனி வேன் போகுதுல்ல, அது பின்னாலயே ஒட்டிப் போங்க. மறிச்சா வேனத்தான் மறிப்பாக. அந்த நேரம் பாத்து நாம போயிரணும்."

வேன் நாரணாபுரம் போனது. காரும் நாரணாபுரம் போனது. திருத்தங்கலுக்குப் போகிறவர்கள் திருத்தங்கலைத் தாண்டி, சிவகாசியையும் தாண்டி, நாரணாபுரம் போய்த் திரும்பினார்கள். திரும்புகிற இடத்தில் ஒரு ஜீப் நின்றது. ராஜபாண்டியன் லட்சுமி காலண்டரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சீட்டுக்குக் கீழே முக்கால்வாசி இறங்கிவிட்டார். ஜீப் பக்கத்தில் நின்றவர், பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்த லட்சுமியைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு அனுப்பிவைத்தார். அது மின்வாரிய ஜீப் என்பதை இருவரும் பிறகுதான் கவனித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ராஜபாண்டியனின் சட்டையெல்லாம் லட்சுமி படத்தின் தங்கக் கலர் பொடி. ஆவுடைத்தாய் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிரீத்திகாவைப் பார்த்தார்.

"பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு தாயி. அதுல மறு பேச்சு இல்ல. ஆனா இந்த வண்டிக்கு எப்.சி. காட்டுற வரைக்கும் கல்யாணத் தேதி குறிக்க மாட்டேன். மாப்பிள்ள அழைப்புக்கும் இவரு இந்தக் காரத்தான் எடுத்துட்டு வருவாரு. அம்புட்டு நேரம் என்னால சீட்டுக்குக் கீழ இருக்க முடியாது."

பிரீத்திகா அப்பாவைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் கரைத்துவைத்ததெல்லாம் இப்போது அந்த வெள்ளைத் தகரத்தில் வந்து நின்றது.

நம் ஆள் அசைந்துவிட்டார். மகள் முகம் அல்லவா? அன்றே சுவரில் தொங்கும் காலண்டரை எடுத்துவைத்துப் புரட்டினார். கார்த்திகை மாதத்தில், வளர்பிறையில், நல்ல நேரம் காலையிலேயே இருக்கிற ஒரு திங்கட்கிழமையைக் கண்டுபிடித்தார். லோடை இன்னொரு நாளைக்கு மாற்றினார். மச்சினன் கண்ணுச்சாமியின் காரிலிருந்து நாலு புது டயரைக் கழற்றித் தன் காரில் மாட்டி, தன்னுடைய வழுக்கை டயர்களை அவருக்கு மாட்டிவிட்டார். குறித்த நாளில், குறித்த நேரத்தில், வாயிற்படியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினார். சீசன் நேரத்தில் பிரஸ்ஸுக்குக் கிழமை கிடையாது என்பதால் வழியில் அவருக்குச் சந்தேகம் வரவும் வாய்ப்பில்லை.

ஆபீஸ் கேட் பூட்டியிருந்தது. வண்டிகளை ஓட்டிக் காட்டுகிற மைதானத்தில் ஒரு நாய் மல்லாந்து தூங்கியது.

உடனே ராஜபாண்டியனுக்குப் போன் போட்டார். "திங்கக்கெழமகூடப் பூட்டித்தான் போடுறீகளா? அப்புறம் எப்.சி. எடுக்கலன்னு எங்களக் குத்தஞ் சொல்றீக."

"அண்ணாச்சி, இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"உங்க ஊர்ல ஞாயிறா இருக்கும்."

போனை வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மகளை அழைத்து, சுவரில் தேதியைத் தொட்டுக் காட்டினார். "நீயே பாரு. திங்களா இல்லையா?"

பிரீத்திகா தாளுக்கு மேலே, கொட்டை எழுத்தில் இருந்த வருஷத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அய்யாதுரை நெடுநேரம் பார்த்தார். "நம்ம காலண்டர்ல தப்பு இல்லையே," என்றார் நிம்மதியாக. "நாமதான் பின்தங்கி இருக்கோம்."

மறுநாள் நிஜமான திங்கட்கிழமை. பிரீத்திகா ஒரு நாள் லீவு போட்டு, சாவியை எடுத்து, மாமாவின் டயர்களோடு தானே ஓட்டிப் போய், எமகண்டத்தில் காரைக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எப்.சி.யோடு வந்தாள். சாயங்காலமே ராஜபாண்டியன் தேதி குறித்தார். தை மாதம். அதற்கு அந்தக் காலண்டரே சரியாக இருந்தது.

மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போனது. எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தும், பக்கத்துத் தெரு மண்டபத்துக்கு அய்யாதுரை நாரணாபுரம் சுற்றித்தான் போனார். ராஜபாண்டியனும் பின் சீட்டில், கையில் காலண்டரோடுதான் இருந்தார். பழகிவிட்டது. கண்ணுச்சாமி இன்னும் வழுக்கை டயரில் ஓடிக்கொண்டிருக்கிறார். கேட்டால், அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்கிறார்.

உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நல்லது. உங்கள் வண்டிக்கு எப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எப்போது முடிகிறது? "இன்னும் நாள் இருக்கு" என்று இப்போது சொன்னீர்களே, எழுந்து போய்ப் பார்த்துச் சொன்னீர்களா? அடுத்த முறை காலியான சாலையில் உங்களுக்கு முன்னால் ஒரு கார் இண்டிகேட்டரும் போட்டுக் கையும் காட்டி, ஒரு கோழிக்காக நின்றால், அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவருக்குப் பின்னால், போதிய இடைவெளி விட்டு, சீட் பெல்ட் போட்டு, ஹார்ன் அடிக்காமல் பொறுமையாக நிற்கிறீர்களே, உங்களை அந்தக் கோழி கவனித்துக்கொண்டிருக்கிறது.